நீமோ சாப்பிடலையா? மருந்துக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க! - கடல்மீன் தொட்டியும் பாக்டீரியா நோய்களும்... முழு கைடு

நேற்று வரைக்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து சாப்பாடு கேட்ட க்ளவுன் மீன், இன்றைக்கு மூலையில் ஒதுங்கி நிற்கிறது. வால் ஓரம் வெள்ளையாகக் கிழிந்த மாதிரி இருக்கிறது. ஒரு கண் லேசாக வீங்கியிருக்கிறது. உடனே போட்டோ எடுத்து மீன் வளர்க்கும் நண்பர்கள் குரூப்பில் போடுகிறீர்கள். ஐந்து நிமிடத்தில் ஆறு பதில். ஒருவர் மஞ்சள் கேப்ஸ்யூலை உடைத்துப் போடச் சொல்கிறார், இன்னொருவர் காப்பர் ஊற்றச் சொல்கிறார், மூன்றாமவர் கல் உப்பு போட்டால் சரியாகிவிடும் என்கிறார்.

கடல்நீர்த் தொட்டியில் கல் உப்பா? இங்கேதான் சிக்கலே ஆரம்பிக்குது.

நன்னீர் மீன் வளர்ப்பில் பழகிய கை வைத்தியம் பல, கடல்மீன் தொட்டியில் வேலை செய்யாது. சில சமயம் அதுவே மீனைக் கொன்றுவிடும். ஒரு ஜோடி க்ளவுன், ஒரு ப்ளூ டேங் (நம்ம 'டோரி'தான்), கொஞ்சம் லைவ் ராக் என்று ஆரம்பித்தாலே பல ஆயிரம் ரூபாய் செலவாகிவிடுகிறது. பணத்தை விடுங்கள், நம்மை நம்பி நான்கு கண்ணாடிச் சுவருக்குள் இருக்கும் உயிர் அது. அதனால் பாக்டீரியா நோய் ஏன் வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த வரிசையில் என்ன செய்வது என்று தெளிவாகப் பார்த்துவிடலாம்.

பாக்டீரியா எங்கிருந்து வருது?

எங்கிருந்தும் வரவில்லை, ஏற்கெனவே உங்கள் தொட்டியில்தான் இருக்கிறது. கடல்மீன்களைத் தாக்கும் பாக்டீரியாக்களில் முதலிடம் விப்ரியோ குடும்பத்துக்கு. கடல்நீரில் இயல்பாகவே வாழ்பவை இவை. மீனின் தோல், குடல், லைவ் ராக், மணல் என எல்லா இடத்திலும் இருக்கும். 1909-ல் பால்டிக் கடல் விலாங்கு மீன்களில் ஆராய்ந்து பெயரிடப்பட்ட விப்ரியோ ஆங்குயில்லாரம், இன்றைக்கும் உலகம் முழுக்கக் கடல்மீன் வளர்ப்பவர்களின் தலைவலிதான். இதுபோக சூடோமோனாஸ், ஃபோட்டோபாக்டீரியம், தோலையும் வாயையும் அரிக்கும் டெனாசிபாகுலம் என ஒரு பட்டியலே உண்டு.

அப்படியென்றால் எல்லா மீனுக்கும் நோய் வர வேண்டுமே? வராது. ஆரோக்கியமான மீனின் உடலைச் சுற்றி வழவழப்பான சளிப் படலம் ஒன்று இருக்கிறது. அதுதான் கோட்டைச் சுவர். பயணக் களைப்பு, மோசமான தண்ணீர், பெரிய மீனின் அடி, திடீர் வெப்பநிலை மாற்றம், செவுளை ஓட்டை போடும் ஒட்டுண்ணி என ஏதோ ஒன்று அந்தச் சுவரை உடைக்கும்போதுதான் பாக்டீரியா உள்ளே நுழைகிறது. பெரும்பாலான நேரம் பாக்டீரியா இரண்டாவது குற்றவாளிதான். முதல் குற்றவாளியைப் பிடிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால், இந்த வாரம் தேறிய மீன் அடுத்த மாதம் மறுபடியும் படுத்துவிடும்.

கடல்மீனுக்குப் புண் ஏன் ஆபத்து?

கடல்நீரின் உப்பு, மீனின் உடலுக்குள் இருப்பதைவிட அதிகம். அதனால் மீனின் உடலில் இருக்கும் நீர், செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட, கடல்மீன் கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். உடம்பில் ஒரு புண் வந்தால் அந்த இடத்தில் தடுப்பே இல்லை, நீர் இன்னும் வேகமாக வெளியேறும். கடலுக்குள் இருந்துகொண்டே மீனுக்கு நீர்ச்சத்து குறையும். 'சின்னப் புண்தானே, தானா ஆறிடும்' என்று ஒரு வாரம் காத்திருப்பது இங்கே ரிஸ்க்.

இந்த அறிகுறிகளைக் கவனிங்க

* வால், துடுப்பு ஓரங்கள் வெள்ளையாகி, கிழிந்து, நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவது.
* துடுப்பின் அடியிலும் வயிற்றிலும் சிவப்புக் கோடுகள், ரத்தம் கட்டிய மாதிரி திட்டுகள்.
* தோலில் திறந்த புண், சுற்றிலும் சிவந்த வளையம்.
* கண் மங்குவது, கண் வெளியே பிதுங்குவது.
* வயிறு உப்பி, செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்பது.
* சாப்பிடாமல் இருப்பது, சாப்பிட்டாலும் துப்புவது, வேக வேகமாக மூச்சு வாங்குவது.

இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் உடனே முடிவுக்கு வர வேண்டாம். உதாரணமாக, ஒரு கண் மட்டும் பிதுங்கியிருந்தால் அது பாறையில் இடித்த அடியாகவும் இருக்கலாம். இரண்டு கண்ணும் பிதுங்கி, மீன் சோர்ந்தும் இருந்தால் உள்ளே தொற்று பரவியிருக்க வாய்ப்பு அதிகம்.

பாக்டீரியா மாதிரியே தெரியும்... ஆனா இல்லை!

தப்பான நோய்க்குத் தப்பான மருந்து கொடுப்பதால்தான் நிறைய மீன்கள் சாகின்றன. இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் புள்ளி: உப்புத் தூள் தூவியது மாதிரி தனித்தனிப் புள்ளிகள். இது கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி.

வெல்வெட்: பொன் நிறப் பொடி பூசியது மாதிரி மெல்லிய படலம், அதோடு பயங்கர மூச்சு வாங்கல். இதுவும் ஒட்டுண்ணிதான். ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும்.

ப்ரூக்லினெல்லா: க்ளவுன் மீன்களிடம் அதிகம். உடம்பிலிருந்து தடிமனான சளி உரிந்து தொங்கும்.

யூரோனிமா: க்ரோமிஸ், டாம்செல் மீன்களின் பக்கவாட்டில் சிவந்த புண். பார்த்தால் அச்சு அசலாக பாக்டீரியா புண் மாதிரியே இருக்கும். ஆனால் ஆன்டிபயாட்டிக் இதைத் தொடாது.

லிம்போசிஸ்டிஸ்: துடுப்பில் காலிஃப்ளவர் மாதிரி வெள்ளைக் கட்டி. இது வைரஸ். பெரும்பாலும் நல்ல தண்ணீரும் நல்ல சாப்பாடும் கிடைத்தால் தானாகவே போய்விடும்.

காப்பர் மருந்து வெள்ளைப் புள்ளி, வெல்வெட் மாதிரியான ஒட்டுண்ணிகளுக்கானது. பாக்டீரியா புண்ணுக்கு அது மருந்தில்லை. இறால், நத்தை, பவளம் இருக்கும் தொட்டியில் ஊற்றினால் அவை செத்துவிடும்.

முதல் 24 மணி நேரம்: இந்த வரிசையில் செய்யுங்க

1. வீடியோ எடுங்கள். லைட் போட்டு, இரண்டு பக்கமும் தெரியும்படி ஒரு நிமிட வீடியோ. ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை செவுள் மூடித் திறக்கிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். நாளைக்குத் தேறியிருக்கிறதா, மோசமாகியிருக்கிறதா என்று ஒப்பிட இது உதவும்.

2. தண்ணீரை டெஸ்ட் பண்ணுங்கள். வெப்பநிலை 24-27 டிகிரி செல்சியஸ், உப்பு அடர்த்தி 1.023-1.026, பி.எச். 8.0-8.4, அம்மோனியா 0, நைட்ரைட் 0. இவைதான் மீன்கள் இருக்கும் கடல்நீர்த் தொட்டிக்கு நல்ல அளவுகள். இதில் அம்மோனியாதான் முக்கியம். பி.எச். 7-ல் இருந்து 8-க்கு ஏறினால், மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு கூடுகிறது. நன்னீர்த் தொட்டியில் தப்பிக்கிற அளவு அம்மோனியாகூட கடல்நீர்த் தொட்டியில் செவுளை எரித்துவிடும்.

3. தண்ணீர் மாற்றுங்கள். 20-25 சதவிகிதம் போதும். புதுத் தண்ணீரின் உப்பும் வெப்பநிலையும் தொட்டியோடு ஒத்துப்போக வேண்டும். சின்தடிக் உப்பை அப்போதே கலந்து அப்போதே ஊற்றக் கூடாது. முந்தின நாளே கலந்து, ஏர் பம்ப்போ பவர்ஹெட்டோ ஓடவிட்டுத் தயாராக வைத்திருப்பது நல்லது. எப்போதும் ஒரு பக்கெட் கலந்த உப்புநீர் கையிருப்பில் இருந்தால் அவசரத்துக்கு உதவும்.

4. காற்றைக் கூட்டுங்கள். ஒரே வெப்பநிலையில், நன்னீரைவிடக் கடல்நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். வெப்பம் ஏற ஏற இன்னும் குறையும். நோயுற்ற மீனுக்கு ஒரு ஏர் ஸ்டோன் கூடுதலாகப் போடுவது செலவில்லாத முதலுதவி.

5. அடிக்கிறவன் யார் என்று பாருங்கள். லைட்டை அணைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து 15 நிமிடம் கவனியுங்கள். துரத்துகிற மீன் இருந்தால், துடுப்புக் கிழிசலுக்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். ஒன்றைப் பிரித்தால் போதும். லேசான துடுப்பு அரிப்பு, நல்ல தண்ணீரிலேயே பல முறை ஆறிவிடும்.

6. ஹாஸ்பிட்டல் டேங்குக்கு மாற்றுங்கள். புண், ரத்தத் திட்டு, வயிறு வீக்கம், சாப்பிடாமை ஆகியவை இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

ஹாஸ்பிட்டல் டேங்க்: பிளாஸ்டிக் டப்பாகூட போதும்

40-60 லிட்டர் கண்ணாடித் தொட்டியோ, உணவுத் தரப் பிளாஸ்டிக் டப்பாவோ போதும். உள்ளே மணல் வேண்டாம், லைவ் ராக் வேண்டாம். இரண்டுமே மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. எல்போ, ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஏர் பம்ப், தெர்மோமீட்டர். அவ்வளவுதான்.

ஒரு சின்ன டிரிக். கூடுதலாக ஒரு ஸ்பான்ஜை எப்போதும் மெயின் டேங்க் ஃபில்டரில் போட்டு வையுங்கள். அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். அவசரத்துக்கு எடுத்து ஹாஸ்பிட்டல் டேங்கில் மாட்டிவிடலாம். புதிதாகத் தொட்டி பழக 4 முதல் 6 வாரம் ஆகும், நோயாளி மீனுக்கு அவ்வளவு நேரம் இல்லை. ஆனால் மருந்து அந்த நல்ல பாக்டீரியாவையும் தாக்கும் என்பதால், ஹாஸ்பிட்டல் டேங்கில் தினமும் அம்மோனியா டெஸ்ட் கட்டாயம்.

ஆன்டிபயாட்டிக்: எப்போ, எப்படி?

மெயின் டேங்கில் ஆன்டிபயாட்டிக் போடவே போடாதீர்கள். கெட்ட பாக்டீரியா, நல்ல பாக்டீரியா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஃபில்டரில் இருக்கும் நைட்ரஜன் சுழற்சி பாக்டீரியா செத்தால், அம்மோனியா எகிறும். ஒரு மீனைக் காப்பாற்றப் போய் எல்லா மீனையும் இழப்பது இப்படித்தான்.

அடுத்து, எந்த மருந்து? இங்கேதான் அந்த 'மஞ்சள் கேப்ஸ்யூல்' கதை வருகிறது. டெட்ராசைக்ளின் வகை மாத்திரையைப் பாலோடு சாப்பிடக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பாலில் இருக்கும் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். கடல்நீரில் கால்சியமும் மக்னீசியமும் கொட்டிக் கிடக்கின்றன. அதனால் இந்த வகை மருந்தைக் கடல்நீரில் கரைத்தால், பெரும்பகுதி மீனுக்குப் போய்ச் சேராமலேயே முடங்கிவிடும். எரித்ரோமைசின் பெரும்பாலும் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவுக்கானது. விப்ரியோ உட்பட கடல்மீன்களின் முக்கிய எதிரிகள் கிராம் நெகட்டிவ். பூட்டுக்குப் பொருந்தாத சாவி!

இந்தியாவில் பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகள் 'ஷெட்யூல் ஹெச்' மருந்துகள், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அதனால் மருந்தும் டோஸும் மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டியவை. இந்தக் கட்டுரையில் டோஸ் தராததற்கும் அதுதான் காரணம். ஆனால் அவரிடம் போகும்போது இவற்றைத் தெரிந்துகொண்டு போங்கள்.

* மீன் இன்னும் சாப்பிடுகிறது என்றால், மருந்தைத் தண்ணீரில் கரைப்பதைவிட உணவில் கலந்து கொடுப்பது பலன் தரும். உறைந்த இறால், மைசிஸ் போன்றவற்றில் ஜெலட்டின் சேர்த்து மருந்து கலக்கும் முறை உண்டு. 'உணவில் கொடுக்க முடியுமா?' என்று கேளுங்கள்.
* வாய்ப்பிருந்தால் சாம்பிள் எடுத்து கல்ச்சர், சென்சிட்டிவிட்டி டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். எந்த மருந்துக்கு அந்த பாக்டீரியா அடங்கும் என்று இதில் தெரியும். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம், சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் ஆகிய இடங்களில் மீன் நோய் நிபுணர்கள் இருக்கிறார்கள். வீட்டுத் தொட்டி சாம்பிளை ஏற்பார்களா என்று போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.
* மருந்து போடும்போது கார்பனை எடுத்துவிடுங்கள், யு.வி. லைட், ஸ்கிம்மரை ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் மருந்தை இவையே காலி செய்துவிடும். சில மருந்துகள் வெளிச்சத்தில் சிதையும் என்பதால், டேங்க் லைட்டும் வேண்டாம்.
* மூன்றாவது நாளே மீன் நன்றாக நீந்துகிறது என்று நிறுத்தாதீர்கள். பாதியில் நிறுத்தினால், பிழைத்த பாக்டீரியா அடுத்த முறை அதே மருந்துக்கு அடங்காமல் போகலாம்.
* சிகிச்சை முடிந்த தண்ணீரை அப்படியே கால்வாயில் ஊற்ற வேண்டாம். பிளீச்சிங் கலந்து ஒரு நாள் வைத்துவிட்டு வெளியேற்றுங்கள். ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புத் திறனுள்ள பாக்டீரியா மனிதர்களுக்கும் பிரச்னைதான்.

குணமாகாத ஒன்றும் இருக்கு

மீன் நன்றாகச் சாப்பிடும், ஆனால் மெலிந்துகொண்டே போகும். வயிறு உள்வாங்கும், முதுகு வளையும், ஆறாத புண் வரும். சில மாத இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சாகும். இப்படி என்றால் மைக்கோபாக்டீரியமாக இருக்கலாம். மனிதர்களின் காசநோய் கிருமிக்கு உறவுக்காரன் இது. 1926-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா அக்வேரியத்தில் இறந்த கடல்மீன்களிலிருந்துதான் மைக்கோபாக்டீரியம் மரைனம் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. வீட்டுத் தொட்டியில் இதற்கு நம்பகமான சிகிச்சை இல்லை. நோயுற்ற மீனைப் பிரித்து, புது மீன் சேர்ப்பதை நிறுத்தி, மருத்துவரிடம் பேசி முடிவெடுப்பதுதான் வழி. தேறாத மீனை உயிரோடு டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் செய்வதோ, ஃப்ரீசரில் வைப்பதோ வேண்டாம். வலியில்லாமல் முடித்து வைக்க முறை இருக்கிறது, மருத்துவரிடமே கேளுங்கள்.

உங்க கையையும் பாருங்க!

இதே மைக்கோபாக்டீரியம் மரைனம், கையில் இருக்கும் சின்ன வெட்டுக்காயம் வழியாக மனிதர்களுக்கும் தொற்றும். பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்கள் கழித்து விரலிலோ புறங்கையிலோ ஒரு கட்டி, பிறகு ஆறாத புண். சாதாரண களிம்புக்கு அடங்காது. சரியாகப் பல மாதம் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். தோல் மருத்துவரிடம் போனால் 'வீட்டில் மீன் தொட்டி இருக்கு' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாததால்தான் பலருக்கு நோயைக் கண்டுபிடிக்கவே தாமதமாகிறது.

கையில் காயம் இருந்தால் க்ளவுஸ் போடாமல் தொட்டிக்குள் கைவிட வேண்டாம். நம் ஊரில் பலரும் செய்கிற இன்னொன்று, டியூபை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீர் எடுப்பது. தயவுசெய்து வேண்டாம்! கையால் அழுத்தும் பம்ப் வைத்த சைஃபன் கடைகளில் கிடைக்கிறது. சர்க்கரை நோய், கல்லீரல் பிரச்னை, நோய் எதிர்ப்புசக்தி குறைவு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், தொட்டி வேலையை அவர்களிடம் விடவே வேண்டாம். சில விப்ரியோ வகைகள் அவர்களுக்கு ரொம்பவே ஆபத்தானவை.

வராமலே தடுக்க...

வாங்கும்போது: சென்னை கொளத்தூர் மாதிரியான பெரிய மார்க்கெட்டுக்குப் போனாலும் சரி, உங்கள் ஏரியா கடைக்குப் போனாலும் சரி, 'இதுக்கு இப்போ சாப்பாடு போட்டுக் காட்டுங்க அண்ணா' என்று கேளுங்கள். சாப்பிடாத மீனை வாங்க வேண்டாம். அதே தொட்டியில் செத்த மீன் கிடந்தால், அதிலிருந்து எதையும் வாங்க வேண்டாம். க்ளவுன் மீன் என்றால், கடலில் பிடித்ததா, குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்ததா என்று கேளுங்கள். நம் மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்திலேயே க்ளவுன் மீன்களைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் தொழில்நுட்பம் இருக்கிறது. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த மீன், வலையில் பிடிபட்டு கைமாறி வந்த மீனைவிட வீட்டுச் சூழலுக்கு எளிதாகப் பழகும்.

க்வாரன்டைன்: புது மீன் எதுவானாலும் நான்கு வாரம் தனித் தொட்டியில். ஹாஸ்பிட்டல் டேங்கையே இதற்கும் பயன்படுத்தலாம். வலை, சைஃபன், டப்பா எல்லாம் இரண்டு செட். ஒன்றில் தொட்டதை இன்னொன்றில் விடாதீர்கள். பயன்படுத்திய வலையைக் கழுவி, நல்ல வெயிலில் காயவையுங்கள்.

வெயில் காலம்: ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் சுலபமாக 30 டிகிரியைத் தாண்டும். ஆக்சிஜன் குறையும், விப்ரியோவுக்கோ கொண்டாட்டம். சாதகமான சூழலில் அது அரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். சில்லர் வாங்க முடியாவிட்டால், தண்ணீரின் மேற்பரப்பில் சின்ன ஃபேன் ஓடவிடலாம். ஃபேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும்.

கரன்ட் கட்: ஃபில்டர் நின்றால் மீனுக்கு மட்டுமல்ல, ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவுக்கும் மூச்சு முட்டும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். மொத்தத் தொட்டிக்கும் அதுதான் இன்ஷூரன்ஸ்.

சாப்பாடு: இரண்டு மூன்று நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கும் அளவு மட்டும். மிச்சம் கீழே கிடந்து அழுகினால் அதுதான் பாக்டீரியாவுக்கு விருந்து. உறைந்த உணவைத் தனிக் கிண்ணத்தில் கரையவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுப் போடுங்கள்.

கடைசியா ஒரு வேலை

போனில் ஒரு நோட் திறந்து, வாரத்துக்கு ஒருமுறை தேதி, வெப்பநிலை, உப்பு, அம்மோனியா, நைட்ரைட், எந்த மீன் சாப்பிட்டது, எது சாப்பிடவில்லை என்று எழுதி வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான். மீனுக்கு உடம்பு சரியில்லாத நாளில் மருத்துவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். நோட்டைப் புரட்டினால், புண் வருவதற்குப் பத்து நாள் முன்பே வெப்பநிலை ஏறியதோ, புது மீன் வந்ததோ பெரும்பாலும் அதில் இருக்கும். மருந்துக் கடைக்குக் கிளம்புவதற்கு முன்பு, அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்புங்கள்!